பச்சைக் கோடும் சிவப்புக் கோடும்

பழைய காகிதம் எதைக் கண்டாலும் விரித்துப் பார்க்காமல் இருக்க என்னால் முடிவதில்லை. பத்திரமோ, பட்டாவோ, நில அளவைப் படமோ, எதுவாயினும் சரி; அதில் ஓடும் கோடுகளை விரலால் தொட்டுப் பார்த்த பிறகே மனம் அமைதியுறும். இது உறையூரில் பிறந்த குறையோ என்னவோ! சோழர் அரசிருந்த தலைநகர் எங்கள் ஊர். கோழி ஒன்று யானையை எதிர்த்து நின்று வென்ற நிலம் என்பதால் கோழியூர் என்ற பெயரும் இதற்கு உண்டு. ஆயினும் அந்தத் தலைநகரின் மதில் எந்தத் தெருவின் வழியே ஓடிற்று என்று இன்று நடந்து செல்பவனால் கண்டுகொள்ள இயலாது. எல்லை மறைந்துபோன ஊரில் வளர்ந்தவனுக்கு எல்லைகளின்மீது ஆசை பிறப்பதில் வியப்பில்லை.

என் தமக்கையின் மகன் லண்டனில் பணி புரிகிறான். சென்ற விடுமுறைக்கு வந்தபோது நீண்ட அட்டைக் குழல் ஒன்றை என் கையில் கொடுத்தான்.

"மாமு, உங்களுக்குப் பழைய படம்னா உயிராச்சே. அங்கே ஒரு பழைய புத்தகக் கடையில பார்த்தேன். அழகா இருந்துச்சு, வாங்கிட்டேன். எந்த ஊரு, என்ன படம்னு எனக்குத் தெரியாது."

கூடத்தில் பாய் விரித்து, அதன்மீது படத்தை விரித்து, நான்கு மூலைகளிலும் நான்கு புத்தகங்களை வைத்தேன். பழுப்பேறிய தாள். குன்றின்மேல் ஒரு சிற்றூர். தெருக்கள், வயல்கள், ஊரிலிருந்து நாற்புறமும் பிரியும் பாதைகள். அச்சிட்ட கருங்கோடுகளின்மேல் யாரோ ஒருவர் தூரிகையால் இரண்டு நிறங்களைத் தீட்டியிருந்தார். ஊரை ஒட்டி உள்ளே ஒரு பச்சைக் கோடு. சுற்றிலுமிருந்த பல சிற்றூர்களைச் சேர்த்து வளைத்துக்கொண்டு வெளியே ஒரு சிவப்புக் கோடு. ஊரின் பெயர் ஷாஃப்ட்ஸ்பரி. இங்கிலாந்தின் டார்செட் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆண்டு 1832.

அந்த ஆண்டைக் கண்டதும் எனக்குப் பொருள் விளங்கிவிட்டது. அது பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் தொகுதிகளைத் திருத்தி அமைத்த ஆண்டு. அப்பணிக்காகத் தாமஸ் டிரம்மண்ட் என்பவரின் தலைமையில் ஆணையர்கள் ஊர் ஊராகச் சென்று எல்லைகளை ஆராய்ந்தனர். ராபர்ட் டாசன் என்ற இராணுவப் பொறியாளர் அந்த ஊர்களுக்கெல்லாம் படங்கள் வரைந்து தந்தார். பழைய தொகுதி எல்லை பச்சை. புதிய எல்லை சிவப்பு. என் பாயின்மீது கிடந்தது அவற்றுள் ஒரு தாள்.

அத்தகைய திருத்தம் ஏன் தேவைப்பட்டது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1832க்கு முன் அந்நாட்டின் தொகுதிகள் பல நூற்றாண்டுகளுக்கு முன் வகுக்கப்பட்டவை. மக்கள் இடம் பெயர்ந்தார்கள், தொகுதிகள் பெயரவில்லை. ஓல்டு சாரம் என்பது குடியிருப்பற்ற வெறும் மண்மேடு. ஆயினும் பாராளுமன்றத்திற்கு இருவரை அனுப்பிவந்தது. டன்விச் என்ற துறைமுகத்தின் பெரும்பகுதியைக் கடல் விழுங்கிவிட்டது; அதற்கும் இருவர். ஆலைகளால் நிறைந்து மக்கள் நெருங்கி வாழ்ந்த மான்செஸ்டருக்கோ தனக்கென ஓர் உறுப்பினரும் இல்லை. வாக்காளர் சிலரே உள்ள ஊர்களைச் செல்வர்கள் நிலம் வாங்குவதுபோல் விலைக்கு வாங்கினர். ஓல்டு சாரத்தை 1691இல் வாங்கிய தாமஸ் பிட், பின்னர் 1698இல் நம் சென்னைக் கோட்டைக்கே ஆளுநராக வந்தவர்.

1832ஆம் ஆண்டுச் சட்டம் 56 ஊர்களின் தொகுதி உரிமையை அடியோடு நீக்கியது. 30 ஊர்கள் தத்தம் இரண்டு இடங்களில் ஒன்றை இழந்தன. ஷாஃப்ட்ஸ்பரியும் அவற்றுள் ஒன்று. எந்த ஊர் நீங்க வேண்டும், எந்த ஊர் நிலைக்க வேண்டும் என்பதை முடிவு செய்ய, ஊரின் வீடுகளின் எண்ணிக்கையையும் அது செலுத்திய வரியையும் டிரம்மண்ட் கணக்கிட்டார். குறைகளும் இருந்தன. நகரங்களில் ஆண்டுக்குப் பத்துப் பவுன் மதிப்புள்ள வீட்டில் இருந்த ஆண்களுக்கே புதிய வாக்குரிமை. உழைப்பாளர் பெரும்பாலோர் வெளியே நின்றனர்; பெண்கள் அனைவருமே வெளியே நின்றனர். இருந்தாலும் ஒரு செயலை நான் மெச்சுகிறேன். பழைய கோட்டை அழித்துவிட்டுப் புதிய கோட்டை வரையாமல், இரண்டையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார்கள். முன்பு எது, இப்போது எது என்பதை எவரும் கண்ணால் கண்டு ஒப்பிடலாம்.

"அது சரி மாமு, இந்த ஊருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டான் மருமகன்.

அன்று நான் விடை சொல்லவில்லை. ஷாஃப்ட்ஸ்பரி என்ற பெயரை எங்கோ படித்த நினைவு மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது. அவன் ஊர் திரும்பிய பிறகு, கர்நாடக நவாபுகளைப் பற்றிய நூல்களைப் புரட்டியபோது விடை கிடைத்தது. கிடைத்த விடை எனக்கு மகிழ்ச்சி தரவில்லை.

1774இல் ஷாஃப்ட்ஸ்பரியில் தேர்தல் நடந்தது. வெற்றி பெற்றவர்கள் பிரான்சிஸ் சைக்ஸ், தாமஸ் ரம்போல்டு என்ற இருவர். இருவரும் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் இந்தியாவில் பொருள் சேர்த்துத் திரும்பியவர்கள். பொம்மலாட்டத்துக் கோமாளியைப்போல் வேடம் பூண்ட ஒருவன் கதவில் இருந்த துளை வழியே வாக்காளர்களுக்கு இருபது பொற்காசுகள் கொண்ட முடிப்புகளை நீட்டினான் என்பது அத்தேர்தலைப் பற்றிய விசாரணையில் வெளிவந்த செய்தி. கொடுத்தவன் முகம் தெரியக்கூடாது என்பதற்காக வேடம்! தேர்தல் செல்லாது என்றாயிற்று. ஆயினும் அந்த ரம்போல்டு 1778இல் சென்னையின் ஆளுநராக வந்து அமர்ந்தார்.

அதே ஊரின் உறுப்பினராக 1793 முதல் 1802 வரை இருந்தவர் பால் பென்ஃபீல்டு. இந்தப் பெயரைத் தஞ்சையும் திருச்சியும் மறக்கலாகாது. கம்பெனியின் சிறிய ஊழியராகச் சென்னைக்கு வந்தவர். கட்டட வேலைகளை ஒப்பந்தம் எடுத்தார். அதனினும் மேலாக வட்டிக்குப் பணம் கொடுத்தார். அவரிடம் கடன்பட்டவர்களுள் தலையாயவர் ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா. 1773இல் நவாப் கம்பெனிப் படையின் துணையோடு தஞ்சையைக் கைப்பற்றினார். 1776இல் ஆளுநர் பிகட் பிரபு அதனை மீண்டும் மன்னரிடமே ஒப்படைத்தபோது, பென்ஃபீல்டு ஒரு கணக்கை நீட்டினார். தஞ்சை நாட்டு வருவாயின்மீதும் வயலில் நின்ற பயிரின்மீதும் தமக்கு 2,34,000 பவுன் வரவேண்டும் என்றார். ஆண்டுக்குச் சில நூறு பவுன் ஊதியம் பெற்ற ஓர் ஊழியரின் கணக்கு இது! அதனை ஒட்டி எழுந்த பூசலில் ஆளுநரையே சொந்த ஆலோசனைச் சபையினர் சிறைப்பிடித்தனர். மறு ஆண்டு காவலிலேயே அவர் உயிர் நீத்தார்.

நவாபின் கடன் இத்துடன் முடியவில்லை. வட்டிக்கு வட்டி ஏறிற்று. எவ்வளவு உண்மையான கடன், எவ்வளவு வெறும் எழுத்து என்பதை எவரும் ஆராயாமலேயே, 1784இல் லண்டனிலிருந்து ஓர் ஆணை பிறந்தது: கர்நாடகத்தின் வருவாயிலிருந்து ஆண்டுக்கு 12 இலட்சம் வராகன் கடன்காரர்களுக்குப் போக வேண்டும். 1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்ட் பர்க் பாராளுமன்றத்தில் எழுந்து இதனை எதிர்த்து மணிக்கணக்கில் முழங்கினார். பென்ஃபீல்டு தம்மையும் சேர்த்து எட்டு உறுப்பினர்களை முந்திய பாராளுமன்றத்திற்குள் கொண்டுவந்தார் என்பதும், அந்தக் கடன்காரர்களின் தயவுக்காகவே அமைச்சர்கள் கணக்கை ஆராயாமல் விட்டனர் என்பதும் அவர் சாட்டிய குற்றங்கள். பர்க் சொன்னதில் உண்மை இருந்தது என்பதற்குப் பிற்காலமே சான்று. 1805க்குப் பின் நவாபின் கடன்களை ஆராய ஒரு குழு அமைந்தபோது மூன்று கோடிப் பவுனுக்கு மேல் கேட்டு விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. பென்ஃபீல்டும் 1810இல் பாரிஸ் நகரில் வறுமையில் இறந்தார்.

இவற்றைப் படித்து முடித்த அன்று மாலை நத்தர்வலி தர்காவுக்குச் சென்றேன். சிறு வயதில் அத்தாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்த வழிதான். 1795இல் சென்னையில் மறைந்த நவாப் வாலாஜா அடங்கியிருப்பது அங்கேதான். பெரியவர்கள் அவருடைய கொடையைச் சொல்லக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம். மக்காவுக்கும் மதீனாவுக்கும் அவர் வாரி வழங்கினார், ஆலிம்களை ஆதரித்தார், திருவல்லிக்கேணியில் பெரிய பள்ளிவாசலை எழுப்பினார். இவை யாவும் நம் பெருமைகள், மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் பட்ட கடனைப் பற்றி எந்தப் பெரியவரும் எங்களுக்குச் சொன்னதில்லை. அந்தக் கடனுக்கு ஈடாக எழுதிக்கொடுக்கப்பட்டது எது? அரண்மனையின் ஆபரணம் மட்டுமன்று. காவிரிக் கரையில் உழவன் அறுக்கவிருந்த நெல். தறியில் அமர்ந்த நெசவாளி செலுத்தவிருந்த வரி. அந்த நெல்லும் வரியும் கடன்காரர் பெட்டிக்குப் போய், கப்பலேறி, கடல் கடந்து, எங்கோ ஒரு குன்றின்மேல் இருந்த சிற்றூரில் பாராளுமன்ற இடமாக மாறின. அந்த இடத்தில் அமர்ந்தவர்கள் நம் நெல்லை இன்னும் எவ்வளவு எடுக்கலாம் என்பதற்குக் கை தூக்கினார்கள்.

ஃபாத்திஹா ஓதிவிட்டுச் சற்று நேரம் அங்கேயே நின்றேன். மரித்தவரை ஏசுவது நம் மரபன்று. அவரும் சூழ்ச்சியாளர் நடுவே சிக்கிய ஒருவரே. ஆயினும் மருமகன் கேட்ட வினாவுக்கு விடை அந்த அடக்கத்தலத்தில் கிடந்தது. அந்தப் படத்தின் பச்சைக் கோட்டுக்குள் நம் ஊரின் பங்கும் இருந்தது. அதற்குள் வாழ்ந்தவர் எவரும் நம்மை அறியார், நாமும் அவர்களை அறியோம். இங்கே வாக்கு என்ற சொல்லையே அறியாதிருந்த மக்களின் உழைப்பு அங்கே வாக்குகளை விலைக்கு வாங்கிற்று. அதற்கு வழி செய்தது அந்தச் சிறிய பச்சைக் கோடு. கோடு சிறிதாயின் வாங்குபவனுக்குச் செலவு குறைவு. கோட்டைப் பெரிதாக்கிச் சிவப்பில் வரைந்தபோது, அங்கே வாக்கின் விலை உயர்ந்தது. அதாவது, வாங்குவது கடினமாயிற்று.

இந்த உண்மை பிடிபட்ட பிறகு நம் நாட்டு எல்லைக் கோடுகளையும் அதே கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன்.

நமக்கு இது முற்றிலும் புதிதன்று. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்துக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்ததைக் கூறுகின்றன. குடும்பு என்பது இன்றைய வட்டம் போன்றது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது என்றெல்லாம் தகுதிகள் விதிக்கப்பட்டன. கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தேர்தலில் நிற்கக் கூடாது. அந்தண ஊர்ச்சபைக்குரிய ஏற்பாடு அது. ஊரில் வாழ்ந்த எல்லோருக்கும் உரியதன்று. ஆயினும் ஊரைப் பகுதிகளாகப் பிரித்தால்தான் எல்லாப் பகுதிக்கும் ஆள் கிடைக்கும் என்ற அறிவு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இம்மண்ணில் இருந்தது.

திருச்சி நகரசபை 1866இல் நிறுவப்பட்டது. முதலில் எல்லோரும் நியமன உறுப்பினர். 1877இல்தான் தேர்தல் புகுந்தது. பிறகு 1909ஆம் ஆண்டுச் சட்டம் முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதியை வழங்கிற்று. இதன் பொருளைப் படமாக எண்ணிப் பார்த்தால் விசித்திரமாக இருக்கும். ஒரே நிலத்தின்மீது இரண்டு படங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக! ஒரே தெருவில் அடுத்தடுத்த வீட்டில் இருப்பவர்கள் வெவ்வேறு தொகுதிகளின் வாக்காளர்கள். 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சென்னைச் சட்டசபையின் 215 இடங்களில் 28 முஸ்லிம் தொகுதிகள். அந்தக் காலத்து அரசியலில் திருச்சி தந்த பெரியவர் கான் பகதூர் கலிபுல்லா சாகிப். 1937இல் சில மாதங்கள் பொதுப்பணித் துறை அமைச்சராக இருந்தவர். பிறகு புதுக்கோட்டைத் திவானாகப் பணியாற்றியவர். தாம் இராவுத்தர், தம் தாய்மொழி தமிழே, உருது அன்று என்பதைச் சட்டசபையில் எடுத்துரைத்துக் கட்டாய இந்தியை எதிர்த்தவர். தனித் தொகுதியின் வழியே சென்றவர் பொதுமொழிக்காகப் பேசினார் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனால் அன்று வாக்குரிமை வரி கட்டுவோருக்கும் சொத்துடையோருக்கும் படித்தோருக்குமே உரியதாயிருந்தது. சுருட்டுச் சுற்றிப் பிழைத்த என் பாட்டனாருக்குப் பொதுத் தொகுதியிலும் வாக்கில்லை. தனித் தொகுதியிலும் வாக்கில்லை. அவர் முதன்முதலாக வாக்களித்தது 1952இல்.

அரசியல் நிர்ணய சபையில் தனித் தொகுதியைக் காக்க வேண்டும் என்று 1947இல் பி. போக்கர் சாகிபும், 1949இல் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாகிபும் வாதாடினர். சபை அதனை ஏற்கவில்லை. நம்மிடையே அதனைப் பற்றி இருவேறு கருத்துகள் அன்றும் இருந்தன, இன்றும் உண்டு. அந்த வழக்கை நான் மீண்டும் இங்கே தொடுக்கவில்லை. எனக்குத் தோன்றுவது வேறு. தனிப் பட்டியல் மறைந்து பொதுப் பட்டியல் மட்டுமே நிலைத்த பின், கோட்டின் முக்கியத்துவம் குறையவில்லை, பன்மடங்கு கூடிற்று. சேர்ந்து வாழும் தெருக்களை ஒரே தொகுதியில் வைப்பதும், நான்காகப் பிரித்து நான்கு தொகுதிகளில் கரைப்பதும் கோடு வரையும் கையில் இருக்கிறது. 2006இல் வெளிவந்த சச்சார் குழுவின் அறிக்கை, முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் சில தொகுதிகள் தாழ்த்தப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்டிருக்க, தாழ்த்தப்பட்டோர் அதிகமாக வாழும் தொகுதிகள் பொதுவாக விடப்பட்டிருப்பதைச் சுட்டிக் காட்டி, எல்லை வகுக்கும் முறை செம்மையுற வேண்டும் எனப் பரிந்துரைத்தது. இரு சமூகத்தாருக்கும் இதனால் நன்மையில்லை என்பதே அதன் சாரம்.

சுதந்திர இந்தியாவில் 1952, 1962, 1972, 2002 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் நான்கு முறை எல்லை வரையறை ஆணையங்கள் அமைந்தன. கடைசி ஆணையத்தின் முடிவு 2008இல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை எண்களால் வழங்கிய திருச்சி நகரத் தொகுதிகள் கிழக்கு, மேற்கு எனப் பெயர் பெற்றன. எங்கள் உறையூர் மேற்கில் அமைந்தது. அதே ஆணையால் புதுக்கோட்டை என்ற மக்களவைத் தொகுதியே மறைந்தது. அதன் நிலம் திருச்சி, கரூர், சிவகங்கை, இராமநாதபுரம் என நான்காகப் பிரிந்து போயிற்று. சமஸ்தானமாக விளங்கிய ஊரின் பெயர் படத்திலிருந்து அழிந்தது அவ்வூராருக்கு ஆறாத மனக்குறை. எனக்கும் அங்கே உறவினர் உண்டு. அவர்கள் இன்று எங்கள் திருச்சித் தொகுதியின் வாக்காளர்கள். "உங்க ஊர்க்காரங்க ஆயிட்டோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்தச் சிரிப்பில் சற்று வருத்தமும் கலந்திருக்கும்.

ஓர் ஊரின் தொகுதிக்கு நேர்வது ஒரு மாநிலத்திற்கும் நேரும். நம் மாநிலத்திற்கு 1962 வரை மக்களவையில் 41 இடங்கள். 1967 முதல் 39. மற்ற மாநிலங்களின் மக்கள்தொகை விரைந்து வளர்ந்ததால் நம் பங்கு குறைந்தது. குடும்பக் கட்டுப்பாட்டைச் செம்மையாக நிறைவேற்றும் மாநிலங்கள் அதனாலேயே இடங்களை இழக்கலாகாது என்று 1976இல் அரசியல் சட்டத்தின் 42ஆம் திருத்தம் மாநிலங்களுக்குரிய இடங்களின் எண்ணிக்கையை நிலைநிறுத்தியது. 2001ஆம் ஆண்டின் 84ஆம் திருத்தம் அந்த நிலையை 2026க்குப் பின் எடுக்கப்படும் முதற் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. இதில் இரண்டு நியாயங்கள் மோதுகின்றன. பீகாரில் இருக்கும் ஒருவருடைய வாக்கும் உறையூரில் இருக்கும் என் வாக்கும் ஒரே எடையுடையனவாக இருக்க வேண்டும் என்பது ஒரு நியாயம். சொன்னபடி நடந்தவனுக்கு அதுவே தண்டனையாகக் கூடாது என்பது மற்றொரு நியாயம். இரண்டையும் அறிந்தவர்தான் கோட்டை வரைய வேண்டும். அளவிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைக் கண்டிப்பதற்கென்றே திருமறையில் ஓர் அத்தியாயம் இறங்கியிருக்கிறது. கடைக்காரனின் தராசுக்கு மட்டும் அது எச்சரிக்கையன்று என்றே நான் கருதுகிறேன். நில எல்லைக் குறிகளை மாற்றுவோனைப் பெருமானார் (ஸல்) அவர்கள் சபித்த செய்தியும் முஸ்லிம் தொகுப்பில் இருக்கிறது. ஒரு முழ நிலத்தின் எல்லைக்கே அப்படியெனில், இலட்சக்கணக்கான மக்களின் குரலுக்கு எல்லை வகுப்போர் எத்தனை அஞ்ச வேண்டும்!

இவ்வளவும் எழுதிய பின் என் குற்றத்தையும் சொல்லாவிட்டால் அது நேர்மையாகாது.

பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வூரின் வட்ட எல்லைகளை மாற்றி வகுக்க ஒரு வரைவு வெளியாயிற்று. ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதித் தரலாம் என்ற அறிவிப்புடன் ஒரு பட்டியலைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். கோடு எங்கள் தெருவின் நடுவே, சாக்கடையை ஒட்டி ஓடிற்று. பட்டியலை நான் படித்தேன், புரிந்தது. ஆயினும் சொந்த ஊர் இதுவன்று, இன்னும் இரண்டொரு ஆண்டில் மாற்றலாகிப் போய்விடுவோம், நமக்கேன் என்று நடந்துவிட்டேன். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அத்தெருவில் சிலரே. அவர்களில் ஒருவன் நான். குறித்த நாள் கடந்தது, வரைவே முடிவாயிற்று.

அடுத்த மழைக்காலத்தில் சாக்கடை அடைத்துக்கொண்டு வீடுகளுக்குள் நீர் புகுந்தது. இப்பக்கத்து உறுப்பினரைக் கேட்டால் அது அப்பக்கத்தில் சேர்ந்தது என்றார். அப்பக்கத்தவரைக் கேட்டால் அது இப்பக்கத்தில் சேர்ந்தது என்றார். இருவர் மீதும் நான் குறை சொல்ல மாட்டேன். கோடு அப்படி இருந்தது. எதிர்வீட்டு மூதாட்டி முழங்காலளவு நீரில் நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"கோடு போட்டவங்க இந்தத் தெருவ வந்து பாத்துட்டுத்தான் போட்டாங்களா தம்பி?"

எனக்கு விடை தெரியாது. ஆனால் பார்க்காமல் வரைந்தவரைவிட, பார்த்தும் பேசாமலிருந்த நான்தான் பெரிய குற்றவாளி என்பது மட்டும் அப்போதே தெரிந்தது. யாரும் சூழ்ச்சி செய்யவில்லை. யாரும் பொற்காசு முடிப்பை நீட்டவில்லை. என் சோம்பல் ஒன்றே போதுமானதாயிற்று. வாக்கு என்பது அமானிதம் என்று ஜும்ஆ மேடைகளில் கேட்டிருக்கிறேன். தேர்தல் நாளில் தவறாமல் வாக்களித்தும் வருகிறேன். ஆனால் அந்த வாக்கின் எடை தேர்தல் நாளுக்கு வெகு முன்பே, சுவரில் ஒட்டிய ஒரு பட்டியலிலேயே முடிவாகிவிடுகிறது. அந்த அமானிதத்தை நான் காக்கவில்லை.

இன்றைய சட்டப்படி எல்லை வரையறை ஆணையம் தன் வரைவை அரசிதழில் வெளியிட வேண்டும். ஆட்சேபங்களைப் பெற வேண்டும். பொது அமர்வுகள் நடத்திக் கேட்க வேண்டும். இறுதி ஆணை வெளியான பின் அதனை நீதிமன்றத்தில் எதிர்க்க இயலாது என்று 1966இல் மேக்ராஜ் கோத்தாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தலே நடத்த முடியாதபடி வழக்குகள் பெருகிவிடும் என்பது அதற்குக் காரணம், அதுவும் சரியே. ஆகவே பேச வேண்டிய காலம் ஒன்றுதான். வரைவுக்கும் இறுதிக்கும் இடைப்பட்ட அந்தச் சில வாரங்கள். அந்த வாரங்களில் பள்ளிவாசல் ஜமாஅத்தும், கோயில் குழுவும், நெசவாளர் சங்கமும், தெருவாசிகளும் ஒன்றாக அமர்ந்து படத்தைப் பார்த்தால், பிறகு வருந்த வேண்டியதில்லை. மஷூரா என்று நாம் வழங்கும் கலந்தாலோசனைக்கு இதைவிடப் பொருத்தமான காரியம் வேறு என்ன இருக்கிறது?

ஆட்சியாளரிடம் எனக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. வட்டங்களின் பெயர்ப்பட்டியலை மட்டும் வெளியிட்டால் சாமானியனுக்குப் புரியாது. டாசனைப்போல் பழைய எல்லையைப் பச்சையிலும் புதிய எல்லையைச் சிவப்பிலும் ஒரே தாளில் வரைந்து, ஒவ்வொரு வட்டத்திலும் எல்லோரும் காணும் இடத்தில் தொங்கவிட வேண்டும். எழுத்தறியாத மூதாட்டியும் தன் வீடு எந்தக் கோட்டுக்குள் இருந்தது, எந்தக் கோட்டுக்குள் போகிறது என்று விரல் வைத்துப் பார்க்கட்டும். பார்க்கும்படி வரைந்த கோட்டைத் தவறாக வரைவது கடினம்.

அந்தப் படத்தைச் சட்டமிட்டு எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். வருவோர் அது எந்த ஊர் என்று கேட்பார்கள். நம் காவிரி நெல் ஒருமுறை போய்ச் சேர்ந்த ஊர் என்று சொல்வேன். அதன் அருகில் இப்போது வேறொரு தாளும் தொங்குகிறது. உறையூரில் நாங்கள் வாழும் தெருவையும் அதன் அண்டைத் தெருக்களையும் நானே நடந்து நடந்து பார்த்து, பேரனின் வண்ணப் பென்சில்களை வாங்கி வரைந்த படம். அதில் இன்றைய எல்லையைப் பச்சையில் தீட்டியிருக்கிறேன். சிவப்புப் பென்சிலை இன்னும் தொடவில்லை. அடுத்த வரைவு வெளியாகும் நாளில் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பொது அமர்வுக்குப் போவேன். அதுவரை ஆயுளையும், அங்கே நின்று உள்ளதைச் சொல்லும் துணிவையும் வல்ல இறைவன் தந்தருள்வானாக!